முப்பத்திரண்டு கண்ணுக்கும் பொட்டு

சாரம் பகுதியில் இருக்கும் அந்த நான்கு மாடி வணிக வளாகத்தில் முப்பத்திரண்டு கேமராக்கள். அத்தனையையும் பராமரிப்பவர் உழவர்கரை ராஜவேல். ஆயுத பூசைக்கு மறுநாள் மதியம், பராமரிப்பு ஒப்பந்தத்தை இன்னும் ஓராண்டுக்கு நீட்டிக்கும் தாளோடு வந்தார். இந்த வளாகம் கையைவிட்டுப் போனால் பழையபடி சென்னைக்கு வேலை தேடிப் போக வேண்டியதுதான்.

வணிகர் சங்க அறையில் தலைவர் கலியமூர்த்தி நின்றுகொண்டிருந்தார். பதினோரு ஆண்டுகளில் அந்த அறைக்குள் அவரை நின்ற கோலத்தில் யாரும் தரிசித்ததில்லை.

"நாற்காலிய காணோம்யா!"

கருஞ்சிவப்பு வெல்வெட், தங்க நிறக் கைப்பிடி, சாய்மானத்தில் அவருடைய பெயர். பூசைக்காக நேற்றுக் கீழ்க் கூடத்துக்கு இறக்கிய தலைவர் நாற்காலி, திரும்ப மேலே வரவில்லை.

"இருபத்தி நாலு மணி நேரமும் பாக்கும்னு சொன்னியே, போட்டுக் காட்டு. ஆளு தெரியலன்னா இந்தத் தாள கிழிச்சுப் போட்டுட்டுப் போய்க்கினே இரு."

ராஜவேல் திரையைப் போட்டார். முப்பத்திரண்டு கட்டங்களிலும் மஞ்சள், நடுவில் சிவப்பு. வளாகமே மாம்பழக் கூழில் மூழ்கிக் கிடந்தது.

"இன்னா சார் இது?"

"பொட்டு" என்றார் சங்கச் செயலாளர் சிவசங்கரி. கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். "கல்லாப்பெட்டி, தராசு, லிப்ட்டு எல்லாத்துக்கும் வெச்சாச்சு. கேமரா மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சுன்னாரு தலைவர்."

"வெக்கலாம்க்கா. மேல வெக்கலாம், பக்கத்துல வெக்கலாம். கண்ணுலயா வெப்பாங்க?"

"நெத்தி எதுன்னு ஒரு மணி நேரம் கமிட்டி கூடிப் பேசினோம். அதுக்கு மூஞ்சி முழுக்கக் கண்ணுதான்னு தலைவர் தீர்ப்பு சொல்லிட்டாரு."

தீர்ப்பு பதிவேட்டிலும் ஏறியிருந்தது. அடியில் 'லூ எ அப்ரூவே', அதாவது 'படித்தேன், ஏற்றேன்' என்று எழுதித் தலைவரின் கையெழுத்து. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் அவருடைய தாத்தா அரசாங்க குமாஸ்தா. குடும்பத்தில் மிஞ்சிய பிரெஞ்சு அந்த மூன்று சொற்கள்தான். எதையும் படிக்காமலே கலியமூர்த்தி அதை எழுதுவார்.

"பூசைய குறை சொல்லாத" என்றார் அவர். "சந்தனத்துக்குப் பின்னாடி நடந்தத காட்டத்தானய்யா உன்ன வெச்சிருக்கோம்?"

ராஜவேல் பதிவைப் பின்னோக்கி ஓட்டினார். முதல் கேமராவில் மஞ்சள் விலகியது. ஒரு கட்டைவிரல் பின்வாங்கியது. அதற்குப் பின்னால் கலியமூர்த்தியின் முகம். மூக்கு மட்டும் பூசணிக்காய் அளவில். இரண்டாவதிலும் அதே மூக்கு. முப்பத்திரண்டிலும் அதே. நல்ல காரியத்தை அடுத்தவர் கையில் விடாத தலைவர், ஏணி போட்டு ஏறி ஒவ்வொன்றாகத் தானே அப்பியிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். போலீசுக்குப் போனா, நாற்காலி போறதுக்கு முன்னாடி கேமராவ எல்லாம் மறைச்சவன் யாருன்னுதான் மொதல்ல கேப்பாங்க."

"அப்போ ஆளு தெரிஞ்சுடுச்சு" என்றார் சிவசங்கரி. "முப்பத்திரண்டு சாட்சி!"

கலியமூர்த்தி திரைக்கு அருகில் போய்த் தன் மூக்கையே உற்றுப் பார்த்தார். ஒப்பந்தம் இத்தோடு முடிந்தது என்று ராஜவேல் தாளை மடிக்கத் தொடங்கினார்.

அப்போது பந்தல்காரர் கன்னியப்பன் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துச் சுமந்தபடி உள்ளே வந்தார்.

"மன்னிச்சுக்கணும் தலைவரே. வாடகை நாற்காலியோட இதையும் பசங்க அள்ளிப் போட்டுட்டானுங்க. காலையில வில்லியனூர்ல ஒரு காதுகுத்து. மாமன் மடியில புள்ளைய வெச்சு இதுலதான் மொட்டை அடிச்சாங்க. முடியெல்லாம் தட்டிட்டேன், ஒக்காருங்க."

கலியமூர்த்தி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பழைய குரல் திரும்பியது.

"ராஜவேல், அந்தப் பதினேழாம் நம்பர பெருசு பண்ணு. மூஞ்சில ஒரு களை இருக்குல்ல? பேனருக்கு ஆவும். எடுத்துக் குடு."

ஒப்பந்தத் தாளை வாங்கி 'லூ எ அப்ரூவே' எழுதினார். படிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வளாக முகப்பை மறைத்து, ரோட்டோரக் கம்பத்துக்கு நேர் முன்னால் இருபதடி பேனர் ஏறியது. 'எங்கள் பாதுகாப்பின் கண்ணே!' சனிக்கிழமை காலையிலேயே ராஜவேலின் போன் அடித்தது.

"இன்னாய்யா பராமரிப்பு பண்ற நீ? ரோட்டோரக் கம்பத்துக் கேமராவுல போறவன் வர்றவன் ஒருத்தனும் தெரியல. என் மூக்கு மட்டும்தான் தெரியுது!"