மருதாயி திரும்பி ஓடினாள்

சுமலதாவுக்கு அன்று காலை இரண்டு பயம். ஐந்து கிலோமீட்டர் ஓடி முடிக்க முடியுமா என்பது ஒன்று. முடியாமல் போனால் மருதாயி என்ன சொல்வாள் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிய பயம்.

கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் அவர்களுடைய கூட்டத்துக்கு மருதாயிதான் எல்லாம். அவளிடம் ஒரு சட்டம் உண்டு. உடம்பு முடியாமல் ஒருத்தியின் நிரை, அவளுக்கு விட்ட செடி வரிசை, பாதியில் நின்றால், முன்னே முடித்தவர்கள் இறங்கி வந்து அதைப் பறித்துக் கொடுத்துவிட்டுத்தான் எடை போடப் போக வேண்டும். காய்ச்சல்காரிக்குச் செய்தார்கள், கால் பிசகினவளுக்கும் செய்தார்கள். மாதாமாதம் அந்த மூன்று நாளும் செடிக்குள் சுருண்டு உட்காரும் சுமலதாவுக்கு மட்டும் யாரும் இறங்கி வந்ததில்லை.

"நமக்கெல்லாம் வராத நோவா இது? நடிக்கிறா" என்று மருதாயி பத்து வருஷத்துக்கு முன்பே தீர்ப்புச் சொல்லியாயிற்று. அப்பீல் கிடையாது.

கோயம்புத்தூரில் ஸ்கேன் எடுத்து, வாயில் நுழையாத பெயரை டாக்டர் சொன்னது போன வருஷம்தான். எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்தோல் போன்ற சதை வெளியே வளர்ந்து, மாதாமாதம் வீங்கி வலியால் ஆளைக் கொல்லுமாம். புருஷன் தினகரனைத் தவிர அவள் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளை தங்காதவள் என்று ஊர் முத்திரை குத்திவிடாதா?

அந்த நோய்க்காகத்தான் இந்த ஓட்டமே. கோத்தகிரி மைதானத்தில் நானூறு பேர் மஞ்சள் பனியனில் நின்றார்கள். மாதக்கணக்குப்படி இன்னும் நாலு நாள் இருக்கிறதே என்ற தைரியத்தில் சுமலதா பெயர் கொடுத்திருந்தாள். முதலில் வருகிறவளின் எஸ்டேட்டுக்குக் கோப்பை. ஓட்டத்தை நடத்தும் டாக்டர் இந்துமதி மைக்கைப் பிடித்தார்.

"ஏனுங்க, இது நடிப்பில்லீங்க. பத்துப் பொண்ணுகள்ல ஒருத்திக்கு இருக்குதுங்க. கண்டுபிடிக்கவே வருசக்கணக்காகுது. அடியோட தீர்க்க இன்னும் மருந்தில்லீங்க. நீங்க கட்டுன பணம் அந்த ஆராய்ச்சிக்குத்தான் போகுது."

"யாரு பெத்த புள்ளைகளோ, பாவம்" என்று மருதாயி உச்சுக் கொட்டினாள். பக்கத்திலேயே நின்ற சுமலதாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

விசில் ஊதியதும் கூட்டம் மடை திறந்த வெள்ளமாய்ப் பாய்ந்தது! விலை உயர்ந்த ஷூ போட்ட கோயம்புத்தூர்க் காலேஜ் பெண்களுக்கு முதல் ஏற்றத்திலேயே நாக்குத் தள்ளியது. மூட்டை சுமந்து மலையேறிய கால்களுக்கு இதெல்லாம் ஒரு மேடா? மருதாயி பனியனுக்குக் கீழே சேலையை வரிந்து கட்டி, ஒவ்வொருத்தியாகத் தாண்டினாள். "எஸ்டேட்டக்கா, விடாதீங்க!" என்று ரோட்டோரக் கூட்டம் கத்தியது. சுமலதாவும் காற்றாய்ப் பறந்தாள். இப்படி ஓடி எத்தனை வருஷமாயிற்று!

நாலாவது கிலோமீட்டர் முடிந்தபோது அடிவயிற்றில் கத்தி இறங்கியது. நாலு நாள் முன்னதாகவே வந்துவிட்டது, பாவி. கொண்டை ஊசி வளைவில் அவள் மடங்கி உட்கார்ந்தாள். நேர் மேலே அடுத்த வளைவில் மருதாயி முதல் ஆளாகப் போய்க்கொண்டிருந்தாள். முடிவுக் கோட்டுக்கு அவளுக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லை.

மருதாயி குனிந்து பார்த்தாள். "ஆரம்பிச்சிட்டாளா!"

சுமலதாவுக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ. ஓட்டத்துக்காக நிறுத்தி வைத்திருந்த பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கக் கத்தினாள்.

"அக்கா! அந்த டாக்டரம்மா சொன்ன நோவு எனக்குத்தான்! ஸ்கேன்ல பாத்தாச்சு! நான் நடிக்கல!"

மருதாயி நின்றாள். இரண்டு பெண்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். அவள் திரும்பி, எதிர்த் திசையில் இறங்கி ஓடி வந்தாள்.

"ஏனுங்க, கோடு அந்தப் பக்கமுங்க!" என்று வளைவில் வழிகாட்ட நின்ற விசில்காரர் பதறினார்.

"எங்க ஆளு இந்தப் பக்கம் கெடக்கு, தள்ளுய்யா!"

வந்தவள் குனிந்து அவளைத் தூக்கி நிறுத்தினாள். சுமலதாவின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அவர்கள் எஸ்டேட்டிலிருந்து ஓட வந்த மற்ற மூன்று பெண்களும் திரும்பி வந்துவிட்டார்கள். ஐந்து பேரும் சேர்ந்து அந்த ஒரு கிலோமீட்டரை நடந்தார்கள். கோட்டைத் தாண்டியபோது மைதானமே எழுந்து கை தட்டியது. கோப்பை எப்போதோ வேறு எஸ்டேட்டுக்குப் போயிருந்தது.

டாக்டர் இந்துமதி மைக்கை நீட்டினார். மருதாயி அதை மண்வெட்டியைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்தாள்.

"பத்து வருசமா இந்தப் புள்ள வலிக்குதுன்னா. நான் நடிக்கிறான்னேன். நான் சொன்னதுனால எல்லாரும் சொன்னாங்க. அவ சொன்னதுதான் நெசம்." மைக்கை டாக்டரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

சுமலதாவுக்கு வலி குறையவில்லை. ஆனாலும் பத்து வருஷத்தில் முதன்முறையாக, செடிக்குள் ஒளியாமல், நானூறு பேர் பார்க்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள்.