பாலையன் முதுகு

சாராம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, கோபத்துக்கு மட்டும் இன்னும் இருபதுதான்.

"படத்துல அந்த அரை நிமிசத்த மட்டும் வெட்டிருவோம் அக்கா," என்றார் சபைச் செயலாளர் சுவாமிதாஸ். "சபை விழாவுக்கு ஏமானுக்கப் பேரன்தான் சிறப்பு விருந்தினர். அவரு முன்னாடி வச்சு எப்படிக் காட்ட?"

1976இல், துபாயிலிருந்து முதல் லீவில் வந்த ஊர்க்காரன் விஜயதாஸ் தன் சின்னக் கேமராவில் எடுத்த படம் அது. பூஞ்சை பிடித்துக் கிடந்த சுருளைத் திருவனந்தபுரத்தில் துலக்கி வாங்கியிருந்தார்கள். பாறசாலை திருச்சபையின் வாத்தியக் குழு. பத்தொன்பது பேர், வயலினும் செல்லோவும் கிளாரினெட்டுமாக. கோலெடுத்து நடத்துபவன் சாராம்மாவின் அண்ணன் பாலையன், ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த ஏமானின் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவன்.

ஏமானுக்கு அவர் நிலத்துக் குடிகள் முதுகு காட்டக் கூடாது. பேசி முடித்ததும் பின்னோக்கி நடந்தே வெளியே வரவேண்டும். நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்து குடிசை நின்ற பத்து சென்ட் சொந்தமான பிறகும் கால்கள் அப்படியே நடந்தன. ஆனால் குழுவை நடத்துபவன் சபைக்கு முதுகு காட்டித்தானே நிற்க வேண்டும்? முன்வரிசையில் ஏமான். ஒருபக்கமாகச் சரிந்து நில்லு என்று எல்லாரும் கெஞ்சினார்கள்.

"பத்து சென்டு எனக்காச்சு. முதுகும் எனக்கதாக்கும்," என்றான் பாலையன்.

படத்தில் ஏமான் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகிறார். பாலையன் திரும்பவே இல்லை. மறுநாள் வேலை போயிற்று. ஷார்ஜாவுக்குப் போய் சிமெண்ட் சுமந்தான், அங்கேயே செத்தான். அந்த நாளுக்குப் பிறகு அவன் கோலெடுக்கவே இல்லை.

படத்தில் சத்தம் கிடையாது. படம் ஓடும்போது இளசுகள் அதே இசையை மேடையில் வாசிப்பதாக ஏற்பாடு. அண்ணன் கைவேகம் தெரிந்தவள் சாராம்மா ஒருத்திதான்; நடத்தப்போவதும் அவள்தான்.

"எலே சுவாமிதாசு, வெட்டினா நான் வரமாட்டேன். ஒனக்க விருந்தாளியே வந்து நடத்தட்டும்."

வேறு வழியில்லாமல் சுவாமிதாஸ் இறங்கி வந்தார். "செரி, வெட்டல்ல. நீங்களாவது கொஞ்சம் சரிஞ்சு நில்லுங்க அக்கா."

சாராம்மா ஒத்திகைக்குக் கிளம்பினாள்.

விழாவன்று குழுவுக்குப் பின்னால் திரை ஒளிர்ந்தது. அதில் அண்ணனின் வியர்த்த முதுகு. சாராம்மா நேராக அதைப் பார்த்து, சபைக்கு முழு முதுகும் காட்டி நின்று, கையை உயர்த்தினாள். வயலின்கள் எழுந்தன.

திரையில் ஏமான் எழுந்தார். அதே நேரம் அவளுக்குப் பின்னால் ஏமானின் பேரன் உட்கார்ந்திருந்த முன்வரிசையில் ஒரு நாற்காலி தரையில் இழுபட்டது.

யார் எழுந்தது என்று சாராம்மா திரும்பிப் பார்க்கவில்லை.