சம்பந்தி வீட்டு முயல்

1

அன்று சம்பந்தி வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், என் தம்பி மகள், அவள் கணவரான எங்கள் மாப்பிள்ளை, ஓய்வு பெறும்வரை பஸ் ஓட்டிய மாப்பிள்ளையின் அப்பா, அதாவது என் சம்பந்தி. பிறகு சீமாட்டி, மேஸ்திரி என்ற இரண்டு முயல்கள். வேறு யாரும் இல்லை. இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்களால்தான் இந்தக் கதையை நான் எழுத வேண்டியதாயிற்று.

(முயலுக்காக ஒரு கதையா என்று கேட்கலாம். முயலுக்காக இல்லை. எங்கள் வீட்டுப் பெயருக்காக.)

சீமாட்டி வெள்ளை. கல்யாணத்துக்கு முன்பே எங்கள் வீட்டில் பெண், அதாவது தம்பி மகள், வளர்த்தது. மேஸ்திரி சாம்பல் நிறம், மாப்பிள்ளையுடையது. எதை வைத்தாலும் சுற்றிவந்து சோதித்துப் பார்த்த பிறகுதான் விலகும். மெல்ல மெல்லப் பழக்கி ஜோடியாக்கினார்கள். ஒன்றின் நெற்றியை ஒன்று நக்கிக்கொடுத்தபடி கிடக்கும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சம்பந்தி வீட்டு முயல் எங்கள் முயலின் மேல் காரணமே இல்லாமல் பாய்ந்தது, ஏனென்றால் அந்த வீட்டில் வளர்ப்பு என்பது

இதோடு நிறுத்திவிட்டேன். வாக்கியம் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் காரணம் இருந்தது.

சீமாட்டிக்குப் பல் நீண்டுவிட்டது. பெண் அதை மட்டும் கூண்டில் வைத்து மருத்துவரிடம் கொண்டுபோய்ப் பல்லை வெட்டிக்கொண்டு வந்தாள். கதவைத் திறந்ததும் மேஸ்திரி ஓடிவந்தது. முகர்ந்தது. மறு நொடி பாய்ந்து கவ்வியது. இரண்டும் ஒரே பந்தாக உருண்டன. வெள்ளை முடி கூடமெங்கும் பறந்தது. பெண் வெறுங்கையை நீட்டப் போனாள். மாப்பிள்ளை அவளைத் தள்ளிவிட்டு நடுவில் ஒரு தலையணையைச் செருகினார்.

3

"உங்க மேஸ்திரிக்கு என்ன வந்துச்சு?" என்றாள் பெண்.

"உன் சீமாட்டி ஆஸ்பத்திரி நாத்தத்தோட வந்து நிக்குது. அவன் என்ன பண்ணுவான்?" என்றார் மாப்பிள்ளை.

நான் எழுந்து நின்றேன். "பாப்பா, கூண்ட எடு. சீமாட்டிய நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். கடி வாங்கிட்டுக் கெடக்கணும்னு அதுக்கு என்ன தலையெழுத்தா?"

"தாராளமா கூட்டிட்டுப் போங்க. எங்க பையனும் நிம்மதியா இருப்பான்" என்றார் சம்பந்தி.

"எந்தப் பையனச் சொல்றீங்க?"

"முயலச் சொன்னேன், சம்பந்தி. நீங்க யார நெனச்சீங்க?"*

பெண் கூண்டை எடுக்கவில்லை. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னைக்கு இதக் கொண்டு போவீங்க. நாளைக்கு எங்களுக்குள்ள ஒரு பேச்சு வந்தா, என்னைக் கொண்டு போக வருவீங்களா பெரியப்பா?"

(இதற்கு நான் சொன்ன பதில் என்று ஒன்றை எழுதினேன். கம்பீரமாக இருந்தது. அடித்துவிட்டேன். நான் செய்தது, மறுபடி உட்கார்ந்ததுதான். கூடத்தில் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.)

* இந்த ஆளைத்தான் வில்லனாக்க நினைத்தேன். அடுத்த நொடியே குனிந்து, தன் கைக்குட்டையால் எங்கள் சீமாட்டியின் காதோரம் இருந்த கீறலை ஒற்றி எடுக்கிறார். என்ன செய்ய? நடந்தது அதுதான்.

4

மாப்பிள்ளை மருத்துவருக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி வைத்தார்.

"அவனுக்குக் கோபம் இல்லீங்க. அவ வாசனை மாறிப்போச்சு, யாரோன்னு பயந்துட்டான். வேற வேற வீட்டுக்கு மட்டும் கொண்டு போயிடாதீங்க. நாளாச்சுன்னா அந்நியமாயிடும், அப்புறம் சேர்க்கறது பெரும்பாடு. நடுவுல கம்பி வலை கட்டுங்க, ஒண்ணையொண்ணு பாக்கட்டும். படுக்கிற துண்ட மாத்தி மாத்திப் போடுங்க. தீனிய வலையோரமா ஒரே நேரத்துல வைங்க. அந்தக் கூண்டுலயும் எங்க வாடை இருக்கும், கழுவி வெயில்ல போடுங்க. அடுத்த தடவ ரெண்டு பேரையும் சேர்த்தே கூட்டிட்டு வாங்க."

சம்பந்தி கொல்லையில் கிடந்த கம்பி வலையைக் கொண்டுவந்தார். அவரே விரித்தார். நான் ஒரு முனையைப் பிடித்தேன்.

"இறுக்கிப் பிடிங்க சம்பந்தி. இது என்ன, பேனாவா?"

"நான் இறுக்கித்தான் புடிச்சிருக்கேன். நீங்க பஸ் ஓட்டுற மாதிரி இழுக்காதீங்க."

பெண் சிரித்துவிட்டாள். மாப்பிள்ளை சிரிக்கலாமா என்று அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு சிரித்தார்.

மேஸ்திரியின் துண்டைச் சீமாட்டியின் பக்கம் விரித்தது நான். சீமாட்டியின் துண்டை மேஸ்திரிக்கு விரித்தது சம்பந்தி. அது முகர்ந்தது, சுற்றியது, மறுபடி முகர்ந்தது.

5

முடிவு ஒன்று: மறுநாளே இரண்டும் நெற்றியை நக்கிக்கொண்டன. இது எனக்குப் பிடிக்கும். ஆனால் நான் பார்க்கவில்லை.

முடிவு இரண்டு: வலை அங்கேயே நிலைத்து

வேண்டாம். இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

நான் கிளம்பும்போது மேஸ்திரி வலையை ஒட்டி நீட்டிப் படுத்திருந்தது. சீமாட்டி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. ஒரு காது மட்டும் வலைப் பக்கம் திரும்பியிருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் தரையில் உட்கார்ந்து, யார் எந்தத் துண்டை எப்போது மாற்றுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வலையை எடுக்கும் நாளை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பொறுக்காத வாசகர் தாமே வலையை எடுத்துவிடலாம்; மறுபடி பாய்ந்தால் பிரிக்கக் கையில் தடித்த துண்டு ஒன்று இருக்கட்டும்.

எங்கள் முயல் கோபித்துக்கொண்டு பிறந்த வீடு வந்துவிட்டது, கூண்டோடு நான் தெருவில் நடந்ததைப் பார்த்தோம் என்று உறவுக்குள் ஒரு பேச்சு உலவுகிறது. கூண்டு எங்கள் வீட்டுக்கு வந்தது ஆஸ்பத்திரி வாடை போகக் கழுவத்தான். உள்ளே ஒன்றும் இல்லை.