உங்களுது மாமா

சித்தப்பா லிஃப்டுக்குள் மண்டியிட்டு அளவு நாடாவை மூலைக்கு மூலை இழுத்துப் பார்த்தார். குறுக்காகவும் பிடித்துப் பார்த்தார். எப்படிப் பிடித்தாலும் லிஃப்ட் வளர்வதாக இல்லை.

"நிக்க வெச்சா போயிடும் சார்," என்றார் வாட்ச்மேன்.

"எங்க அண்ணன நிக்க வெச்சா கொண்டு போகச் சொல்ற?" சித்தப்பா நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "படிக்கட்டுதான். மூணு மாடி. ஆறு பேர் தோள் குடுக்கணும்." அவருடைய கண் வராந்தாவில் நின்றவர்களை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மாப்பிள்ளையிடம் வந்து நின்றது. "முன்னாடி இடது பக்கம் நீங்க நில்லுங்க மாப்பிள்ளை. உங்கள விட்டா வேற யாரு இருக்கா."

இடது பக்கம் நின்றால் சவப்பெட்டி வலது தோளில் உட்காரும். 'நான் அந்தப் பக்கம் நிக்கறேன் சின்ன மாமா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் ஏன் என்றுகூடக் கேட்டிருக்கமாட்டார்கள். அவன் "சரி" என்றான்.

அவன் மனைவிக்குத்தான் அவர் சித்தப்பா. அந்த வீட்டுக்கு அவன் மாப்பிள்ளை, பள்ளிக்கூடத்தில் ட்ரில் மாஸ்டர். அவன் விசில் ஊதினால் மைதானமே நிமிர்ந்து நிற்கும். பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிற அப்பா அம்மாக்களையும் விடமாட்டான். ஓடுகிறேன், ஜிம்முக்குப் போகிறேன் என்று பெருமையடிக்கிறவர்களை நிற்க வைத்தே பாடம் எடுப்பான். காலையில் எழுந்ததும் விறைப்பாக இருக்கிறதா? படி இறங்கும்போது முட்டி குத்துகிறதா? உங்களுக்கே தெரியாமல் ஒரு கையின் வேலையை இன்னொரு கை செய்கிறதா? அப்படியென்றால் உடம்பு முதல் மணி அடிக்கிறது, ரெண்டாவது மணி வரைக்கும் காத்திருக்காதீர்கள் என்பான். அவர்களும் ஆவென்று கேட்டுக்கொண்டு போவார்கள்.

அவனுடைய வலது தோள் பல மாதமாக மணி அடித்துக்கொண்டிருந்தது. பர்ஸ் பின்பாக்கெட்டிலிருந்து முன்பாக்கெட்டுக்கு வந்தது. சீப்பு இடது கைக்குப் போனது. சட்டை போடும்போது வலது கையை முதலில் நுழைத்து, இடது கையால் மீதியை இழுத்துக்கொள்ளப் பழகினான். கையைத் தூக்கினால் தோளுக்குள் மணல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மனைவி கேட்டதற்கு, தூக்கத்தில் பிசகிவிட்டது என்றான். பல மாதமாகவா ஒரு பிசகு இருக்கும் என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. அவளுக்கு ஆபீசுக்கு நேரமாகியிருந்தது.

டாக்டரிடம் போயிருக்கலாம். போனால், கொஞ்ச நாள் ஷட்டில் ஆடாதீர்கள் என்பார். ட்ரில் மாஸ்டருக்கே தோள் போய்விட்டதாம் என்று நாலு பேர் பேசுவார்கள். அந்த நாலு பேர் யார் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. ஆனால் அவர்களுக்குப் பயந்துதான் அவன் காலம் ஓடியது.

மாமனாரின் பெட்டி ஹாலில் இருந்தது. சுற்றி உட்கார்ந்திருந்தவர்களிடம் ரப்பர் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கே போட்டாலும் வளைந்து எடுத்துவிடுவார் என்பதால் ஷட்டில் கோர்ட்டில் அவருக்கு அந்தப் பெயர். நேற்றுக் காலை எதிர்ப்பக்கம் ஆடியவர் அவர்தான்.

"ஷட்டில் காக்க நல்லா ஒசரமா தூக்கிப் போட்டேன். நேரா மாஸ்டர் தலைக்கு மேல போகுது. மாமா முன்னாடி வலைகிட்ட நிக்கறாரு. எப்படித்தான் வந்தாரோ, பறந்து வந்தாருங்க. வெச்சாரு பாருங்க ஒரு அடி. பாயிண்ட். அப்புறம் அப்படியே உக்காந்தாரு. மூச்சு வாங்கறாருன்னுதான் நெனச்சோம்."

"ஆடிக்கிட்டே போயிட்டாரு. குடுத்து வெச்சவரு," என்றார் ஒருவர்.

"மாஸ்டரும் லேசுப்பட்டவரு இல்ல. தன் தலைக்கு மேல வர்றதக்கூட 'உங்களுது மாமா'ன்னு விட்டுக் குடுப்பாரு. எந்த மருமகன் அப்படி இருக்கான்?"

நேற்றிலிருந்து ரப்பர் இதை எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் மாமா இன்னும் கொஞ்சம் உயரத்தில் பறந்தார். மருமகனும் இன்னும் கொஞ்சம் நல்லவனானான். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

டபுள்ஸ் ஆடுகிறவர்களுக்குத் தெரியும். ரெண்டு பேருக்கும் நடுவில் விழுகிற காக்குக்குத்தான் 'என்னுது', 'உங்களுது' என்று குரல் கொடுப்பார்கள். தன் தலைக்கு மேலே வருவதை யாரும் 'உங்களுது' என்று சொல்வதில்லை. அவன் சொன்னான். முதல் தடவை சொன்னபோது மாமா திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அடுத்த நாளிலிருந்து உயரமாக வருகிற எல்லாவற்றுக்கும் அவரே பின்னால் ஓடினார். ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

அதற்கு அவன் செய்த கைம்மாறு இதுதான். மாமாவின் பிறந்தநாளன்று கிளப்பில் எல்லோர் முன்னாலும் ஒரு முட்டிப்பட்டையை வாங்கிக் கொடுத்து, "மாமா, இனிமே என்னால ரெண்டு பேரு ஆட்டத்த ஒருத்தனா ஆட முடியாது" என்றான். கோர்ட்டே சிரித்தது. மாமாவும் சிரித்தார். அங்கேயே குனிந்து, பட்டையை முட்டியில் ஏற்றிக்கொண்டார்.

மனைவி அவனை உள்ளே கூப்பிட்டாள். அப்பாவின் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அழுது முடித்த முகம்.

"ஒண்ணு கேக்கட்டுமா? அவரு வலைகிட்ட நின்னுக்கிட்டு இருந்தாருன்னு ரப்பர் அங்கிள் சொல்றாரே. அப்புறம் ஏன் உங்க பக்கம் ஓடினாரு?"

"அவரப் பத்தித் தெரியாதா. காக்கக் கண்டா சும்மா நிக்கமாட்டாரு."

"அதான் கேக்கறேன். அப்பா அடுத்தவங்க பந்த எடுக்கறவரு இல்லையே."

அவன் அலமாரிக் கதவைச் சாத்தினான். இடது கையால். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். ஏதோ கேட்க வந்தவள், வெளியே யாரோ கூப்பிட்டதும் போய்விட்டாள். தூக்கத்தில் இருந்தாலும் இந்த மாரடைப்பு வந்திருக்கும், யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவனும் பிடித்துப் பார்த்தான். அவன் கையில் அது நிற்கவில்லை.

வெளியே வரும்போது அத்தை சமையலறை வாசலில் நின்றிருந்தாள். சத்தமில்லாமல் பேசுகிறவள், அன்றைக்கு இன்னும் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"நீங்க தூக்க வேண்டாம் மாப்பிள்ளை."

"ஏன் அத்தை?"

"தோள் சரியில்லையாமே. அவரு சொன்னாரு."

அவனுக்குக் காது வரை சூடேறியது. "எப்ப சொன்னாரு?"

"ரொம்ப நாளாச்சு. நான்தான் திட்டினேன், மாப்பிள்ளைகிட்ட நேரா சொல்லி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னு. கேட்டா சங்கடப்படுவாரு, அவரா சொல்லட்டும், அது வரைக்கும் நான் பாத்துக்கறேன்னாரு." அத்தை புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "முட்டியில ஒண்ணுமே இல்லாம அந்தப் பட்டையக் கட்டிக்கிட்டு அலைஞ்சாரு. எதுக்குங்கன்னு கேட்டேன். மாப்பிள்ளை ஆசையா வாங்கிக் குடுத்ததுன்னாரு."

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது. புருஷனை உள்ளே பெட்டியில் வைத்துவிட்டு, வந்து அவனுடைய தோளுக்காகக் கவலைப்படுகிறாள். தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அந்த நேரத்திலும் அவன் வாயில் வந்தது இதுதான்:

"அதெல்லாம் எப்பவோ சரியாயிடுச்சு அத்தை. நான் தூக்கறேன்."

அத்தை வழிவிட்டாள்.

சித்தப்பா ஒன்று, ரெண்டு, மூன்று சொன்னார். பெட்டி எழுந்தது. அவன் இடது கையால் முட்டுக்கொடுத்து அதை வலது தோளில் வாங்கினான். முதல் சில படிகள் சுலபமாகவே போயின. பாரம் எலும்பில் உட்கார்ந்துகொண்டது, கையை உயர்த்த வேண்டியிருக்கவில்லை. தாங்கிவிடலாம் என்றுகூட நினைத்தான். பின்னால் அவனுக்கு அடுத்து ரப்பர். அவருக்கும் பின்னால், படியில் இறங்கி வருகிற பெண்கள். அத்தை மேலேயே நின்றுவிட்டாள்.

முதல் வளைவில் பெட்டியைத் திருப்ப முடியவில்லை. கைப்பிடிக் கம்பி இடித்தது.

"கம்பிக்கு மேல தூக்குங்கப்பா. எல்லாரும் தலைக்கு மேல தூக்குங்க," என்றார் சித்தப்பா.

ஐந்து பேர் தூக்கினார்கள். அவனுடைய கை காது வரைக்கும் போய் நின்றுவிட்டது. அதற்கு மேல் கை என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. தோளிலிருந்து முழங்கை வரை நெருப்பு இறங்கியது. பெட்டி அவன் பக்கம் சாய்ந்தது. உள்ளே ஏதோ வழுக்கி வந்து பலகையில் மெதுவாக மோதியது. அது மாமாவின் தோளாக இருக்கலாம், தலையாகவும் இருக்கலாம். அந்தச் சத்தம் படிக்கட்டில் நின்ற எல்லோருக்கும் கேட்டது.

"பிடி, பிடி." ரப்பர் முன்னால் எட்டி அவனுடைய பாரத்தையும் சேர்த்து வாங்கினார். "இறக்கிடாதீங்க, படியில வைக்க எடமில்ல."

யாரோ சுவரோரமாக நெருக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். மனைவி. செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருந்தாள். பெட்டியின் அடியில் குனிந்து, அவன் முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ஸ்கூல் தொறந்ததுலேருந்து."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் கண் அவன் முகத்தைவிட்டு நகரவில்லை. மேலே ஐந்து பேரின் மூச்சும் சத்தமாகக் கேட்டது. சித்தப்பா சீக்கிரம், சீக்கிரம் என்றார்.

"அப்ப நேத்து அந்தக் காக்..."

"என்னுதுதான்," என்றான் அவன். "நான்தான் அவர அனுப்பினேன்."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. "நகருங்க," என்றாள். அவன் கையை மணிக்கட்டில் பிடித்து விலக்கிவிட்டுத் தன் தோளைப் பெட்டிக்கு அடியில் கொடுத்தாள். அவனைவிடக் குட்டையானவள். இரண்டு கையையும் தலைக்கு மேலே நீட்டி, குதிகாலைத் தூக்கி நின்றாள். பெட்டி நேரானது. கம்பியைத் தாண்டித் திரும்பியது.

அவன் சுவரில் ஒட்டிக்கொண்டு அவர்கள் போக வழிவிட்டான். பிறகு பெண்களோடு பெண்களாகப் பின்னால் இறங்கினான்.

கீழே வாசலில் கிளப் ஆட்களும், அவன் பள்ளிக்கூடத்து வாத்தியார்களும், அக்கம்பக்கத்தவர்களும் கூடியிருந்தார்கள். பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். மனைவி ஏறி உள்ளே உட்கார்ந்தாள், அவனுக்கு இடம் விடாமல் கதவோரமாக. அவன் வெளியே நின்றான். படியில் நடந்தது அவனுக்கு முன்பே கீழே வந்து சேர்ந்திருந்தது.

"மாஸ்டரால தாங்க முடியல பாவம்," என்றார் ஒரு பெரியவர். "பாதிப் படியிலேயே கை தளந்துடுச்சாம்."

"இருக்காதா பின்ன. மாமனார் மருமகன் மாதிரியா இருந்தாங்க? அப்பன் புள்ள மாதிரில்ல இருந்தாங்க."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ரப்பர் கண்கலங்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "மனசத் தேத்திக்குங்க மாஸ்டர்," என்று சொல்லி வலது தோளைத் தட்டினார். வலி பல் வரைக்கும் ஏறியது. அவருக்குப் பின்னால் ஒரு வாத்தியார் வந்து அதே தோளை அழுத்திக் கொடுத்தார். அவருக்கும் பின்னால் இன்னும் ஆட்கள் வரிசையாக நின்றார்கள்.

வண்டியின் கண்ணாடிக்குள்ளிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து வந்தவர் குட்டையான மனிதர், கை எட்டவில்லை. அவன் தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தான்.