பன்னிரண்டாம் அத்தியாயத்து அக்கா

நாவலின் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அக்காவும் தங்கையும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். சோற்றை அடுப்பில் ஏற்றிவிட்டு அருள்மொழி அதைத்தான் திருத்திக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேருக்கும் கோபம் மட்டும்தாங்க இருக்கு. அதனால சண்டை சப்புனு போகுது. அந்தக் கோபத்துக்குள்ள வேற என்ன ஓடுதுன்னு பாருங்க" என்று பதிப்பகத்துக்காரர் போனில் சொல்லியிருந்தார். சொல்வதற்கு என்ன, சுலபம். அக்காவை அழ வைத்துப் பார்த்தாள். தங்கையை அறைய வைத்துப் பார்த்தாள். கள்ளக்குறிச்சிச் சித்திரை வெயிலில் மழையைக்கூடக் கொட்ட வைத்தாள். ஒன்றும் வேலைக்காகவில்லை. உண்மையில், அந்த அக்கா கெட்டவளாகவே இருந்தால்தான் அருள்மொழிக்கு நிம்மதி. ஏனென்றால் அது அவளுடைய சொந்த அக்கா செவ்வந்தி. அம்மா செத்த அன்று, ஊரே கூடியிருந்த பந்தலில், "நீ பாத்த லட்சணத்துலதான்டி அம்மா போயிடுச்சு" என்று கத்திவிட்டு எலவனாசூர்கோட்டைக்கு பஸ் ஏறியவள், அதற்குப் பிறகு பேசவே இல்லை.

அந்தச் செவ்வந்திதான் இப்போது கையில் பையோடு வாசலில் வந்து நின்றாள்.

"வாக்கா" என்றாள் அருள்மொழி, பதறி எழுந்து.

"நல்லா கீறீங்களா?"

அந்த 'ங்க' அருள்மொழியைக் குத்தியது. நினைவு தெரிந்த நாளாக அக்காவுக்கு அவள் 'அடியே'தான். கோபம் வந்தால் 'சனியனே'. பந்தலில் கத்தியபோதுகூட 'டி' போட்டுத்தான் கத்தினாள். 'ங்க' எல்லாம் அவள் வேற்று மனிதர்களுக்கு வைத்திருந்தது.

செவ்வந்தி தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகையை எடுத்து வைத்து நீட்டினாள். "பெரியவனுக்குக் கல்யாணம். அவரு திருநாவலூர் பக்கம் பத்திரிகை வெக்க போய்க்கினு கீறாரு. நீங்க கண்டிப்பா வந்துடணும்."

அருள்மொழி கொடுத்த தண்ணீரை வாங்கவில்லை. திறந்திருந்த லேப்டாப்பைப் பார்த்தாள்.

"என்னப் பத்தி எழுதிக்கினு கீறீங்களாமே. நல்லவளாவா, கெட்டவளாவா?"

அருள்மொழி எட்டி லேப்டாப்பைச் சாத்தினாள். அதைப் பார்த்துவிட்டு செவ்வந்தி வாசல் பக்கம் திரும்பினாள். வாசற்படியில் கால் வைத்தவள் மூக்கை உறிஞ்சினாள்.

"அடியே, சோறு அடிபுடிக்குது பாரு!"

சொன்ன வேகத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "பாருங்க" என்று திருத்திவிட்டு, விறுவிறுவென்று தெருவில் இறங்கினாள்.

அருள்மொழி ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். கை துறுதுறுத்தது. மழையையும் அறைந்ததையும் அழித்துவிட்டு இந்த ஒரு 'அடியே'யை வைத்தால் போதும், அத்தியாயம் நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். லேப்டாப் முன்னால் உட்காரவும் செய்தாள். சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆனால் அதை எழுதி முடிப்பதற்குள் அக்கா போய்விடுவாள். அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓடினாள்.

தெருமுனையில் ஷேர் ஆட்டோ ஆள் சேர நின்றிருந்தது. உள்ளே ஓரமாகச் செவ்வந்தி.

"இன்னாங்க?" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

"நல்லவளா கெட்டவளான்னு எனக்கே தெரியலக்கா." அருள்மொழி ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "உன்ன நெனச்சா எரிச்சலா வருது. நீ இல்லாமயும் முடியல."

செருப்பில்லாமல் ஓடிவந்திருந்ததில் தார் காலைச் சுட்டது. அருள்மொழி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

"ஏறுறதுன்னா ஏறும்மா, வண்டிய எடுக்கணும்" என்றார் டிரைவர்.

செவ்வந்தி பக்கத்து சீட்டில் இருந்த பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தை மட்டும் அந்தப் பக்கமே திருப்பி வைத்திருந்தாள்.