இடது கை

தெரிந்தவர்களுக்கு வலது கை, தெரியாதவர்களுக்கு இடது கை. டீச்சர் கேள்வி கேட்டதும் வகுப்பே கை தூக்க வேண்டும். டீச்சர் வலது கைகளாகப் பார்த்து எழுப்பிக்கொள்வார். பின்னால் உட்கார்ந்து பார்க்கும் அதிகாரிகளுக்கு எல்லாக் கையும் ஒன்றுதான். சீனாவில் எங்கள் கான்சு மாகாணத்தில் வெளியாட்களைக் கூட்டிவந்து 'திறந்த வகுப்பு' நடத்திக் காட்டாத பள்ளியும் கிடையாது, இந்தக் கை வித்தை தெரியாத வாத்தியாரும் கிடையாது. வெட்கக்கேடுதான். யார் வெட்கப்பட்டார்கள்?

யுன்ஜி இந்த மலைப் பள்ளிக்கு ஆங்கில டீச்சராக வந்து ஆறு வருஷம் ஆகிறது. புருஷனும் மகள் நோநோவும் லான்ஜோ நகரத்தில். குழந்தையை வளர்ப்பது அத்தைக்காரி. பசித்தாலும் அத்தை, விழுந்தாலும் அத்தை. அம்மா என்பவள் போன் திரையில் வந்து போகிற ஒருத்தி. செப்டம்பரில் நோநோ முதல் வகுப்பில் சேர்கிறாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாசல் வரை நடக்க வேண்டும், அவ்வளவுதான் யுன்ஜிக்கு வேண்டியது. மாவட்டத் திறந்த வகுப்புப் போட்டியில் முதல் பரிசு வாங்கினால் நகரத்துக்கு மாற்றல் நிச்சயம் என்று ஹெட்மாஸ்டர் லுவோ சொல்லியிருந்தார்.

பாடத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட சொல் 'ஹேவ்'. பார்க்கச் சாதுவான சொல்தான். பிள்ளைகளைப் படுத்தி எடுத்துவிடும். என்னிடம் புத்தகம் இருக்கிறது என்றாலும், மேசைமேல் புத்தகம் இருக்கிறது என்றாலும் எங்கள் சீன மொழியில் ஒரே ஒரு 'யோ' போதும். ஆங்கிலக்காரனுக்குப் போதாது. ஆளிடம் இருந்தால் ஹேவ், இடத்தில் இருந்தால் தேர் இஸ். அது போதாதென்று காய்ச்சலுக்கும் ஹேவ், காலைச் சாப்பாட்டுக்கும் ஹேவ்.

"அப்போ அவங்க காய்ச்சலையும் சாப்பிடுவாங்களா டீச்சர்?" என்று ஒரு வாலு கேட்டது. வகுப்பே சிரித்தது.

சிரிக்காதவள் கடைசி பெஞ்சு யேன்லிங் மட்டும். அப்பா அம்மா எங்கோ தொலைவில், ஷின்ஜியாங்கில் பருத்தி ஆலையில். இவள் சித்தப்பா வீட்டில் பன்றிக்குத் தீனி போட்டுக்கொண்டு படிக்கிறாள். எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாலும் 'டேபிள் ஹேவ் புக்' என்பாள்.

"அந்த நாலு மக்குகளையும் அன்னிக்கு லைப்ரரியில தூசி தட்ட அனுப்பிடும்மா" என்றார் லுவோ. மற்ற மூன்று பேரும் சந்தோஷமாகப் போய்விட்டார்கள். யேன்லிங் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யுன்ஜிக்கு மனசு கேட்கவில்லை. "சரி, உள்ளேயே இரு. ஆனா உனக்கு இடது கை. மறந்துடாதே" என்றாள். வகுப்பிலேயே ஒரே இடது கை அவளுடையதுதான்.

திறந்த வகுப்பன்று காலையில் யுன்ஜி வகுப்பறையின் கணப்பு அடுப்புக்கு நிலக்கரி போட்டுக்கொண்டிருந்தபோது யேன்லிங் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"டீச்சர், எனக்கு வந்துடுச்சு! பட்டியில பன்றி இருக்குன்னா தேர் இஸ். என்கிட்ட பன்றி இருக்குன்னா ஹேவ். சரிதானே? நான் இன்னிக்கு வலது கை தூக்கட்டுமா?"

சரிதான். அட, முழுக்கச் சரி. இதைவிட எளிமையாக யுன்ஜியே சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் இவளை நம்பி இறங்க முடியுமா? இப்போது சரியாகச் சொல்வாள், அதிகாரிகள் முன்னால் நின்றதும் உளறுவாள். அப்புறம் நோநோவுக்கு யார் பதில் சொல்வது?

"புதுசா எதுவும் வேணாம் கண்ணு. சொன்னபடி செய். இடது கைதான்."

"ஆனா டீச்சர், எனக்கு..."

"இடது கைன்னு சொன்னேன்ல? போய் உட்காரு."

வகுப்பு நெய் மாதிரி போயிற்று. கேள்வி, கைகள், பதில், கைதட்டல். லுவோவின் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது, நடுவர்களில் மூத்தவரான கோங் மேடம் எழுந்தார்.

"டீச்சர், நான் ஒண்ணு கேட்கலாமா?" ஜன்னலுக்கு வெளியே பாப்ளர் மரத்தில் உட்கார்ந்திருந்த குருவியைக் காட்டினார். "பிள்ளைங்களா, மரத்துல குருவி இருக்கு. இங்கிலீஷ்ல யாரு சொல்றது?"

இது ஒத்திகையில் இல்லாத கேள்வி. ஆனால் பழக்கம் விடுமா? அத்தனை கையும் உயர்ந்தது. மேடம் வகுப்புத் தலைவனை எழுப்பினார். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ட்ரீ ஹேவ் பேர்ட்!" என்றான்.

மேடம் சிரித்துக்கொண்டே கடைசி பெஞ்சுக்கு நடந்தார். தானும் பல வருஷம் சாக்பீஸ் பிடித்தவர்தான்; வித்தை தெரியாதவரா? "இடது கை தூக்கியிருக்கற பாப்பா, நீ சொல்லு."

யேன்லிங் எழுந்தாள். "தேர் இஸ் எ பேர்ட் இன் த ட்ரீ." கொஞ்சம் யோசித்துவிட்டு, கேட்காமலேயே சேர்த்துக்கொண்டாள்: "ஐ ஹேவ் எ பிக்."

அறையே அசந்துபோனது. யாரோ கைதட்டினார்கள். மேடம் குனிந்து கேட்டார்: "இவ்வளவு நல்லாத் தெரியுதே, அப்புறம் ஏன் இடது கை?"

"இடது கைதான் என்னோடதுன்னு டீச்சர் சொன்னாங்க."

கைதட்டல் நின்றது. அந்தப் பிள்ளை கோள் சொல்லவில்லை, பழி தீர்க்கவில்லை. இன்னும் இடது கையை இறக்காமல்தான் நின்றுகொண்டிருந்தது, சொன்ன சொல் தவறாமல். அதுதான் யுன்ஜியைக் கொன்றது.

இரண்டாம் பரிசு. காருக்குப் போகும் வழியில் மேடம் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "கை விஷயம் எல்லாரும் செய்யறதுதான்மா. நானும் செஞ்சிருக்கேன். ஆனா தெரிஞ்ச பிள்ளையைத் தெரியாதவள்னு உட்கார வெச்சிருக்கியே, அதுக்கு எப்படி நான் முதல் பரிசு குடுக்கறது?"

லுவோ அவ்வளவு நாசூக்காகச் சொல்லவில்லை. "லைப்ரரிக்கு அனுப்புன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா? இப்போ இங்கேயே கெட!"

சாயங்காலம் புருஷனுக்கு விஷயத்தைச் சொன்னாள். அவன் திட்டவில்லை, திட்டியிருந்தாலும் தேவலை. "சரி விடு, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று போனை நோநோவிடம் கொடுத்தான்.

"அம்மா, ஸ்கூலுக்கு அத்தையே கூட்டிட்டுப் போறாங்களாம். நீங்க அவ்வளவு தூரம் வர வேணாம்."

குழந்தை அதை ஆறுதலாகத்தான் சொன்னது. யுன்ஜி சரிடா என்றாள். போனை வைத்துவிட்டு, ஆசிரியர் விடுதியின் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அந்தப் பாழாய்ப்போன வலது கையைத் தூக்கிக்கொள் என்று காலையிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன?

மறுநாள் அதிகாரிகள் இல்லை, வெறும் வகுப்பு. லைப்ரரிக்குப் போனவர்களும் திரும்பி வந்திருந்தார்கள். யுன்ஜி ஒரு கேள்வி கேட்டாள். கைகள் உயர்ந்தன. கடைசி பெஞ்சில் இடது கை.

"யேன்லிங், பதில் தெரியுமா?"

"தெரியும் டீச்சர்."

"அப்போ கையை மாத்து. இனிமே நீ வலது கை."

யேன்லிங் மாற்றவில்லை. குழம்பிப்போய் வகுப்பைச் சுற்றிப் பார்த்தாள்.

"அப்போ இடது கை யாருக்கு டீச்சர்?"

கேட்டதுதான் தாமதம், மற்ற பிள்ளைகள் எல்லாரும் இடது கையை அவசர அவசரமாக மேசைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்கள். வகுப்புத் தலைவன் அதன்மேல் உட்கார்ந்தே விட்டான். யுன்ஜி ஒருவர் முகத்தையும் பார்க்க முடியாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.