உடம்புக்கு என்ன? உடம்புதான்!

"யக்கா, மேடைப் பக்கம் வந்துடாதீங்க! என் வண்டி எடை கூடிப்போச்சுன்னா முதலாளி என்னைப் பிடிச்சு உலுக்கிடுவாரு!"

சிமென்ட் மூட்டைகள் ஏற்றிய லாரியை எடைமேடையில் நிறுத்திவிட்டு, டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினான். பின்னால் காத்திருந்த வண்டிகளிலிருந்து சிரிப்பு கிளம்பியது. கண்ணாடி அறைக்குள் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தவளும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் கோபக்காரி என்பார்கள். குண்டாக இருப்பவளுக்குக் கோபப்படக்கூட உரிமை கிடையாது, அதற்கும் ஒரு கேலி தயாராக வைத்திருப்பார்கள்.

லாரிக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவள் மேடையக்கா. வண்டி உள்ளே வரும்போது ஓர் எடை, சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஓர் எடை, இரண்டையும் கழித்துச் சீட்டுப் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. அவள் போட்ட சீட்டில் தப்பு என்று யாரும் திரும்பி வந்ததில்லை.

சிரித்தாளே தவிர, வயிற்றுக்குள் கடமுடா என்று ஒரே ரகளை. கழிப்பறை கிடங்குக்குப் பின்னால் இருந்தது. வரிசையோ கேட்டைத் தாண்டி நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு சீட்டுப் போட்டாள். வாயெல்லாம் புண். மாடிப்படி ஏறினால் கண் இருட்டும். இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கி விழுங்கி நாக்கு மரத்ததுதான் மிச்சம், ரத்தம் ஊறக் காணோம்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. தொழிற்சாலைச் சாலையிலேயே கம்பெனி டாக்டரின் கிளினிக் இருந்தது. அவள் உள்ளே நுழைந்ததும் டாக்டர் வழக்கம்போலக் கேட்பார்.

"உடம்புக்கு என்ன?"

கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். பதிலை அவரே சொல்லிவிடுவார்.

"உடம்புதான்!"

அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு சந்தோஷம். நர்ஸும் மரியாதைக்குச் சிரித்து வைப்பாள். வயிற்றுப்போக்கைச் சொன்னால் "கண்டதையும் தின்னா அப்படித்தான்" என்பார். சோர்வைச் சொன்னால் "இவ்வளவையும் தூக்கிட்டு நடந்தா சோராதா?" என்பார். வயிற்றைத் தொட்டுப் பார்த்ததில்லை. கண் இமையை விலக்கிப் பார்த்ததில்லை. நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை.

"சோத்தை நிறுத்தும்மா. மூணு வேளையும் கோதுமை. எடை தன்னால இறங்கும்."

இதை அவள் வீட்டுக்காரர் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அவர் தையற்காரர். வீட்டின் முன்னறையே கடை. இஞ்ச் டேப்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டபடியே அடுப்படிக்கும் போய்விடுவார். நல்ல மனிதர். மனைவி மேல் உயிர். அந்த உயிரான அன்போடுதான் அரிசி டப்பாவைத் தூக்கிப் பரண்மேல் வைத்தார். காலையில் கோதுமைக் கஞ்சி, மத்தியானம் கட்டிக்கொடுக்கக் கோதுமை ரொட்டி, ராத்திரிக்கும் அதே ரொட்டி. தன் கையாலேயே பிசைந்து, தேய்த்து, சுட்டுப் போட்டார்.

அத்தோடு விட்டாரா? தினமும் அவள் இடுப்பை அளந்தார். தையற்காரருக்கு டேப் பொய் சொல்லாது என்பதில் அவ்வளவு நம்பிக்கை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஓர் அளவு, திரும்பி வந்ததும் ஓர் அளவு. சாயங்கால அளவு எப்போதும் கூடியிருந்தது.

"ஒரே பகல்ல இடுப்பு எப்படி கூடும்? சொல்லு. நான் இங்க கல்லு மாதிரி ரொட்டி தட்டறேன், நீ அங்க டிரைவர்ங்க வாங்கிக் குடுக்கறதை முழுங்கிட்டு வர்றே, அதானே?"

"சத்தியமா நீங்க கட்டிக் குடுத்ததைத் தவிர ஒண்ணும் சாப்பிடலைங்க. அதைச் சாப்பிட்டாத்தான் வயிறு பானையாட்டம் உப்பிக்குது."

"கோதுமை சாப்பிட்டு யாருக்காவது வயிறு உப்புமா? டாக்டரே சொன்ன சாப்பாடு."

கேட்டீர்களா நியாயத்தை? டாக்டர் சொன்னால் சாப்பாடு, இவள் சொன்னால் சாக்கு. சொந்த வீட்டிலேயே திருட்டுத் தீனிக்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டு, அதற்காக அழுதால் "அழற நேரத்துல நடந்தாலாவது கொஞ்சம் கரையும்" என்ற அறிவுரையையும் வாங்கிக்கொண்டு, அவள் மறுபடி ரொட்டியைத்தான் மென்றாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பார்த்தாள். எடைதான் அசையவில்லை, ஆளுக்குள் இருந்த தெம்பு மட்டும் நாளுக்கு நாள் இறங்கியது.

ஒருநாள் மேடையில் ஒரு லாரி நிற்கும்போதே அப்படியே கணினி மேல் சாய்ந்தாள். ஓடிவந்து கதவைத் திறந்தவன் அந்தச் சிமென்ட் லாரி டிரைவர்தான். முகத்தில் தண்ணீர் தெளித்துத் தூக்கப் பார்த்தான். கூட்டத்தில் ஒருவன் "கிரேனைக் கூப்பிடுங்கப்பா" என்றான். அரைமயக்கத்தில் கிடந்தவளுக்கு அது கேட்டது. அந்த நிலையிலும் அவளுக்கு மயக்கத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது.

மானேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். "வேலைக்குத் தகுதின்னு நம்ம டாக்டர் எழுதிக் குடுக்கட்டும். அப்புறம் வந்து உட்காருங்க. லாரி மேடையில நிக்கும்போது நீங்க விழுந்தா யாரு பதில் சொல்றது?"

டாக்டர் எழுதிக் கொடுத்தார், 'எடை குறைந்த பிறகு வரலாம்' என்று. வேலை அந்தரத்தில் தொங்கியது.

அவள் வீட்டில் முடங்கியிருந்த அந்தச் சமயத்தில் தங்கை வந்து சேர்ந்தாள். பள்ளிக்கூட டீச்சர். ஊதினால் பறந்துவிடுகிற மாதிரி உடம்பு. அவளுக்கும் கொஞ்ச நாளாக வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், சோர்வு. அக்காவே அவளைக் கைப்பிடித்து அதே கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். வேறு டாக்டரை அவளுக்குத் தெரியாது.

"உடம்புக்கு என்ன?" என்று நிமிர்ந்த டாக்டர், தங்கையைப் பார்த்ததும் பதறினார். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். "என்னம்மா இப்படி எலும்பும் தோலுமா இருக்கே! படு, படு" என்றார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். இமையை விலக்கினார், நாக்கை நீட்டச் சொன்னார். "ரத்தம் சுத்தமா இல்லை. சாப்பிடறது உடம்புல ஒட்டவே இல்லையே. குடல்ல ஏதோ கோளாறு. உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போ" என்று சீட்டு எழுதினார்.

அக்கா சுவரோரம் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தங்கையை நினைத்து அவளுக்குப் பயமாக இருந்தது. அதோடு இன்னொன்றும் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. தங்கை சொன்ன ஒவ்வொன்றும் அவள் இதே அறையில், இதே மனிதரிடம், எத்தனையோ முறை சொன்னதுதான். இந்த நாற்காலிக்குச் சக்கரம் இருப்பதையே அவள் இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

பெரியாஸ்பத்திரியில் குடல் டாக்டரம்மா சோதித்துச் சொல்லிவிட்டார். தங்கைக்குச் சீலியாக் நோய். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற பசைச்சத்து உள்ளே போனால், உடம்பின் காவல் படை குழம்பிப்போய்த் தன் குடலையே தாக்கும். குடலின் உள்பக்கம் சிதைந்து, சாப்பிடும் சத்து ரத்தத்தில் சேராமல் போகும். கோதுமையையும் பார்லியையும் ஆயுசுக்கும் அடியோடு விடுவதுதான் மருந்து. "கூடப் பிறந்தவங்களுக்கும் இருக்கலாம். அவங்களையும் சோதிச்சுடுங்க" என்றும் சொல்லி அனுப்பினார்.

கம்பெனி டாக்டர்தானே தகுதிச் சீட்டுக்கு அதிகாரி? அக்கா தங்கையோடு அவரிடமே வந்து, அந்தச் சோதனைக்கு எழுதித் தரும்படி கேட்டாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"உங்களுக்கா? அது மெலிஞ்சு போறவங்களுக்கு வர்ற வியாதிம்மா! உங்களுக்குச் சத்து சேரலைன்னு சொன்னா நாற்காலிகூட நம்பாது. பேசாம கோதுமை சாப்பிட்டு நடங்க."

தங்கைக்கு வந்ததே கோபம்! "சார், எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வயிறு, ஒரே வலி. என்னைத் தொட்டுப் பாத்தீங்களே, எங்க அக்காவை ஒரு தடவையாவது தொட்டுப் பாத்தீங்களா? வாக்கா, இவரு கிட்ட என்ன பேச்சு!" என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

குடல் டாக்டரம்மா கேலி பேசவில்லை. படுக்கச் சொன்னார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், முழுவதையும் கேட்டார். ஒரு டாக்டரின் கை வயிற்றின் மேல் பட்டதும் அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"அழுத்தினது வலிச்சுதா?"

"இல்லைங்க டாக்டர். தொட்டீங்களே, அதான்."

ரத்தம் எடுத்தார்கள். பிறகு குழாய் விட்டுக் குடலில் துளி சதை எடுத்தும் பார்த்தார்கள். அவளுக்கும் சீலியாக்தான். தங்கையைவிட மோசமாகக் குடல் சிதைந்திருந்தது.

"ஆனா நான் குண்டா இருக்கேனே டாக்டர்?"

"இந்த நோய் ஆளைத் தராசுல நிறுத்திப் பாத்துட்டா வருது? பாதிக்கப்பட்டவங்கள்ல குண்டா இருக்கறவங்களும் நிறைய உண்டு. உடம்புல கொழுப்பு இருக்கறதும் ரத்தத்துல இரும்பு இல்லாததும் ஒண்ணா இருக்கலாம். வயிறு உப்பினா எல்லாருக்கும் இதுதான்னும் இல்லை, சோதிச்சாத்தான் தெரியும். நல்ல வேளை, கோதுமையை நிறுத்தாம வந்தீங்க. நிறுத்தியிருந்தா சோதனையில பிடிபடாமலே போயிருக்கும்."

"எங்கேங்க நிறுத்தறது? எங்க வீட்டுல வேற எதுவுமே கிடையாதே!" என்றாள் அவள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது தையற்காரர் மாவு பிசைந்துகொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"அப்ப... சாயங்காலம் சாயங்காலம் வயிறு பெருத்தது?"

"நீங்க கட்டிக் குடுத்த ரொட்டிங்க."

அவர் தன் கையைப் பார்த்தார். விரலெல்லாம் மாவு. "என் கையால. தினம் தினம் என் கையாலயே உனக்கு விஷம் வெச்சுட்டு, நீ திருடித் தின்னேன்னு உன்னையே திட்டியிருக்கேன். டேப் பொய் சொல்லாதுன்னு நினைச்சேன். அது பொய் சொல்லலை, நான்தான் தப்பாப் படிச்சுட்டேன்." மாவைத் துணியில் கட்டி வெளியே வைத்தார். கோதுமை ஒட்டியிருக்குமென்று ரொட்டிக் கல்லையும் கட்டையையும்கூட ஒதுக்கிவிட்டு, பாத்திரங்களைத் தேய்த்துக் கழுவினார். பிறகு ஸ்டூல் போட்டு ஏறிப் பரணிலிருந்து அரிசி டப்பாவை இறக்கினார். அன்றைக்கு அவர் சுடச்சுடச் சோறும் முட்டையும் வைத்தார். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார். "இன்னும் கொஞ்சம் போடவா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி அவள் காதில் விழுந்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

சில மாதங்களில் வாய்ப்புண் ஆறியது. வயிறு அடங்கியது. மாத்திரைச் சத்து ரத்தத்தில் ஏறியது. மாடிப்படியில் மூச்சு வாங்காமல் ஏறினாள். எடை? குறையவே இல்லை, சாப்பிட்டது ஒழுங்காக உடம்பில் சேர்ந்ததில் கொஞ்சம் கூடியும் இருந்தது. "நோய்க்குத்தான் கோதுமையை விட்டோம், இளைக்கறதுக்கு இல்லை. எடையைத் தனியா பாத்துக்கலாம்" என்று டாக்டரம்மா முன்னாலேயே சொல்லியிருந்தார்.

தகுதிச் சீட்டு வாங்க மறுபடி கம்பெனி டாக்டரிடம்தான் போகவேண்டியிருந்தது. நோயாளிகள் நிறையப் பேர் காத்திருந்தார்கள். அவள் உள்ளே போனபோது கதவு சரியாகச் சாத்தவில்லை.

"உடம்புக்கு என்ன?" என்று கேட்டு நிமிர்ந்தவர் முகம் சுளித்தார். "குறையவே இல்லையே!"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லைங்க டாக்டர். கோளாறு உங்க கண்ணுலதான்."

பெரியாஸ்பத்திரி அறிக்கையை மேசைமேல் வைத்தாள். அவர் படித்தார். முதல் பக்கத்திலேயே முகம் வெளிறியது. தங்கைக்கு எழுதியிருந்த அதே நோயின் பெயர் இவள் பெயருக்குக் கீழேயும் இருந்தது.

"மெலிஞ்சு வந்தா நோயைத் தேடறீங்க, குண்டா வந்தா குத்தத்தைத் தேடறீங்க. என் தங்கச்சியோட வியாதி ஒரே நாள்ல உங்களுக்குத் தெரிஞ்சுது. என்னோடது இத்தனை வருஷமா தெரியலை. ஏன்னா நீங்க என்னைப் பாக்கவே இல்லை, என் எடையைத்தான் பாத்தீங்க. எடை சொல்றதுக்கு டாக்டர் எதுக்கு? அதை எங்க லாரி மேடையே சொல்லுமே! குண்டா இருக்கறவளுக்கும் குடல்னு ஒண்ணு உள்ள இருக்கு டாக்டர். அவ வலிக்குதுன்னு சொன்னா, முதல்ல அதை நம்புங்க."

வெளியே காத்திருந்தவர்கள் கதவிடுக்கு வழியே எட்டிப் பார்த்தார்கள். நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் பேனாவை எடுத்தார். 'வேலைக்குத் தகுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அவளும் அதற்காக நிற்கவில்லை.

அவள் வெளியே வர, அடுத்ததாக ஓர் இளம்பெண் எழுந்தாள். பருத்த உடம்பு. கேலியை வாங்கப் போகிறவளைப் போல இப்போதே தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தாள். மேடையக்கா அவள் முதுகில் தட்டி, "நிமிந்து போம்மா" என்றாள்.

உள்ளேயிருந்து டாக்டரின் குரல் கேட்டது.

"உடம்புக்கு என்ன?"

வழக்கமான பதில் வரவில்லை. அந்த நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம்.

"நீங்களே சொல்லுங்கம்மா. இப்படிப் படுங்க, வயித்தைப் பாக்கறேன்."